விமானியின் வீட்டையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானப்படையில் தொடங்கி, அப்புறம் பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பற்றி சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட அஞ்சலிக் கட்டுரையைப் படித்தேன். எந்தெந்த விமானம் ஓட்டினார், எத்தனை மணி நேரம் பறந்தார், என்ன பதக்கம் வாங்கினார், எல்லாம் இருந்தது. முடிவில் 'குடும்பத்தின் மீது அளவற்ற பாசம் கொண்டவர்' என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. என் அப்பாவும் அதே போல இரண்டு வேலையும் பார்த்தவர், அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்கும் மனிதராக இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

படையில் இருந்த காலத்தில் அப்பா எங்கே போகிறார், எப்போது வருவார் என்று பல நேரம் அம்மாவுக்கே தெரியாது. ஒரு விமானம் திரும்பவில்லை என்ற செய்தி எப்படியோ குடியிருப்புக்குள் வந்துவிடும், அது யாருடைய விமானம் என்பது மட்டும் வராது. அதிகாரிகள் நேரில் வந்து சொல்வதுதான் வழக்கம். அதனால் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார், அது எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் வரை கையில் இருப்பதைக் கீழே வைக்க மாட்டார். தாண்டிப் போனதும் நிம்மதியாகப் பெருமூச்சு விடவும் முடியாது, ஏனென்றால் அது வேறொரு வீட்டு வாசலில் நிற்கப்போகிறது. இதை எந்த அஞ்சலிக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

படையை விட்டுப் பயணிகள் விமானத்துக்கு வந்துவிட்டால் வாழ்க்கை சொகுசாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது சீனியாரிட்டி. பெரும்பாலான நிறுவனங்களில், படையில் எவ்வளவு பெரிய பதவியில் இருந்திருந்தாலும் சேர்ந்த அன்று பட்டியலின் அடியில்தான் பெயர் இருக்கும். தன்னைவிட வயதில் சிறியவர் கேப்டனாக இடது இருக்கையில் இருப்பார், இவர் வலது இருக்கையில் துணை விமானி. எந்தப் பயணம், எந்த நாள் விடுமுறை என்று கேட்டு வாங்குவதும் அந்த வரிசைப்படிதான். சரி, வருடங்கள் போனால் துணை விமானிகளில் மூத்தவராகி, பள்ளி விடுமுறை நாட்களை விரும்பியபடி வாங்கலாம். அப்போதுதான் கேப்டன் பதவி வரும். அதை ஏற்றால் சம்பளம் கூடும், ஆனால் கேப்டன்கள் வரிசையில் மறுபடியும் கடைசி ஆள், ஸ்டாண்ட்பை நாட்கள், நள்ளிரவில் போன் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். என் அப்பா அந்தப் பதவியை, தம்பி பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை, வேண்டாம் என்று தள்ளிப்போட்டார். கூடப் பறந்தவர்கள் சிலர் அவருக்கு ஊக்கம் போதாது என்று பேசினார்களாம். அவர் தொழிலில் எடுத்த முடிவுகளிலேயே பெரியது அதுதான் என்று நான் நினைக்கிறேன். பறந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் லாக் புக் என்ற பறப்புப் பதிவேட்டில் கட்டம் உண்டு, பறக்காமல் வீட்டில் இருந்ததற்கு இல்லை.

டேமி ஜோ ஷல்ட்ஸ் என்ற பெயர் பலருக்கும் நினைவிருக்கும். அமெரிக்கக் கடற்படையில் எஃப்-18 போர் விமானம் ஓட்டியவர். 2018 ஏப்ரல் 17 அன்று சவுத்வெஸ்ட் 1380 விமானத்தின் இடது என்ஜின் நடுவானில் வெடித்தபோது அதைப் பத்திரமாகத் தரையிறக்கியவர். ஒரு பயணி இறந்துபோனார், மற்ற அனைவரும் பிழைத்தார்கள். அவருடைய கணவரும் அதே நிறுவனத்தில் விமானி. மகனின் தடகளப் போட்டிக்குப் போவதற்காகக் கணவரும் மனைவியும் பணி நாட்களை மாற்றிக்கொண்டதால்தான் அன்று அவர் அந்த விமானத்தில் இருந்தார். செய்திகளில் இது துணுக்காக வந்து போனது. எனக்கோ விமானிகள் வீட்டு வாழ்க்கையே இதில் இருப்பதாகத் தோன்றியது. மகன் ஓடுவதைப் பார்க்க ஒரு நாள் வேண்டுமென்றால் பணி நாட்களை ஒதுக்கும் ரோஸ்டரோடு போராட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கேப்டன் சொல்வதே முடிவு என்ற பழக்கத்தை மாற்றி, காக்பிட்டில் எல்லோரும் பேச வேண்டும், கேப்டன் கேட்க வேண்டும் என்ற பயிற்சி உலகம் முழுக்க வந்ததற்கு அந்த விபத்தும் ஒரு முக்கியக் காரணம். ஒற்றை இருக்கைப் போர் விமானத்தில் தனியாகவே முடிவெடுத்துப் பழகிய அப்பாவுக்கு அது சுலபமாக வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் கற்றுக்கொண்டதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கிளம்பும் முன் எங்களை உட்காரவைத்து, "நான் எதையாவது விட்டுட்டேனா, யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார், சின்னவன் தம்பியிடம் கூட. நாலைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தால் முதல் நாள் எந்த முடிவும் எடுக்க மாட்டார். "கன்ட்ரோல் உன்கிட்ட" என்று அம்மாவிடம் சொல்வார். அவர் இல்லாதபோது காய்ச்சலையும் கசிகிற குழாயையும் பள்ளிக் கூட்டங்களையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர் அம்மா, வந்த உடனே அதில் புகுந்து உத்தரவு போடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பயணிகளின் பாதுகாப்பில் இந்த வீடுகளுக்கும் பங்கு உண்டு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே நடந்த விபத்தில் 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் விமானிகளின் களைப்பும் பேசப்பட்டது. அதன் பிறகு விதிகள் இறுகி, 2014 முதல் அங்கே பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயமானது. சட்டம் ஓய்வைக் கொடுக்கும், தூக்கத்தை வீடுதான் கொடுக்க வேண்டும். இரவுப் பயணத்துக்காக அப்பா பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கும்போது நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடப்போம். அது போக ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தரையில் இருக்கும் மாதிரி காக்பிட்டான சிமுலேட்டரில் சோதனை, மருத்துவப் பரிசோதனை வேறு. ஒன்றில் தவறினாலும் பறக்க முடியாது என்பதால் அந்த வாரங்களில் வீட்டில் யாரும் சத்தமாகச் சண்டை கூடப் போடுவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு அஞ்சலி எழுதும்போது, உங்கள் நிருபர் கூடப் பறந்தவர்களிடம் பேசுவதைப் போலவே மனைவியிடமும் பிள்ளைகளிடமும் உட்கார்ந்து பேசட்டும். எந்தப் பதவியை எதற்காக வேண்டாம் என்றார், அவர் இல்லாத நாட்களில் வீட்டை யார் நடத்தினார்கள் என்று கேட்கட்டும். அதற்குத் தனியாக அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பதக்கங்களின் பட்டியலைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு விமானியின் மகள்