பூட்டிய இழுப்பறை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தொடர்ந்து இரவுப் பணி, உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. அம்மா முழங்கால் அறுவை முடிந்து பிறர் துணையில்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. அடுத்த மாதத்திலிருந்து வார்டு பொறுப்பும் உன் கைக்கு வருகிறதாமே! மிகவும் மகிழ்ச்சி. ஆனால் "கேட்டது எதுவும் ஸ்டோரிலிருந்து முழுதாக வருவதில்லை, மருந்தாளுநரோடு தினமும் வாக்குவாதம்தான்" என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரிதான் மனதில் நின்றுவிட்டது. மூன்று வருடம் அதே வாக்குவாதத்தை நடத்தியவள் நான்.

எங்கள் வார்டில் பத்து தேவைப்பட்டால், ஸ்டோருக்கு அனுப்பும் இண்டென்ட் என்ற கேட்புச் சீட்டில் இருபது என்று எழுதுவோம். எப்படியும் பாதியைத்தான் கொடுப்பார்கள் என்பது எங்கள் கணக்கு. எப்படியும் இரட்டிப்பாகத்தான் கேட்பார்கள் என்பது ஸ்டோரின் கணக்கு. இரண்டு பொய்க் கணக்குகளுக்கு நடுவே, ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது யாருக்குமே தெரியாமல் போய்விட்டது. நள்ளிரவில் ஒரு மருந்து தீர்ந்து, பக்கத்து வார்டுகளுக்கு ஓடிக் கடன் கேட்ட அனுபவம் உனக்கும் இருக்கும். அப்படி ஓடியவர்கள்தான் பிறகு ஒளித்து வைக்கத் தொடங்குகிறார்கள். நானும் வைத்தேன்.

போன வருடம் புதிதாக வந்த மருந்தாளுநர் ஒருநாள் காலையில் தானே மேலே ஏறி வந்தார். "சிஸ்டர், உங்கள் அலமாரியைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார். சோதனை போட வந்திருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பூட்டிய இழுப்பறையின் சாவியையும் சேர்த்தே கொடுத்தேன். காஸ் துணியில் சுற்றி வைத்திருந்த அட்ரினலின் ஆம்பூல்களை, அந்தச் சிறு கண்ணாடிக் குப்பிகளை, அவர் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய மருந்து. நான்கில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது, ஒன்று பழுப்பாகவே மாறியிருந்தது. எல்லாமே காலாவதித் தேதி தாண்டியவை. "அட்ரினலின் கெட ஆரம்பித்தால் இப்படித்தான் நிறம் மாறும்" என்று மெதுவாகச் சொன்னாரே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இதயம் நின்றுபோன ஒருவருக்கு அவசரத்தில் அதையே உடைத்து ஏற்றியிருப்பேனே என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மறுநாள் நான் கீழே போய் ஸ்டோரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வர வேண்டிய மருந்து வரவில்லை, இருக்கும் 40 குப்பிகளை ஆறு வார்டுகளுக்குப் பங்கிட வேண்டும், தொலைபேசியில் ஆறு பேரும் அவரிடமே கோபப்படுகிறார்கள். அந்தக் குரல்களில் என் குரலும் இத்தனை நாள் ஒன்றாக இருந்திருக்கிறது.

அதன்பின் இரண்டு வாரம் நாங்கள் செய்தது எண்ணுவது மட்டும்தான். எடுத்துக்காட்டாக, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றச் செருகும் கேனுலா ஒரு நாளைக்கு 12 செலவாகிறது, கேட்டால் வந்து சேர மூன்று நாள், அவசரத்துக்கு ஒரு நாள் கூடுதல் கையிருப்பு. ஆகவே 48-க்கு இறங்கியதும் கேட்டுவிட வேண்டும். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணை அலமாரியிலேயே ஒட்டினோம். நான் கூட்டி எழுதுவதில்லை, அவர் வெட்டுவதில்லை. கணினியும் கையிருப்பைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் தீக்காய நோயாளி ஒருவர் வந்து காஸ் துணி திடீரென்று மூன்று மடங்கு செலவாவதை வார்டில் நிற்பவர் வாய்திறந்து சொன்னால்தான் கீழே இருப்பவருக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்து, வழக்கமாக வருவது கிடைக்காமல் வேறு நிறுவனத்தின் குப்பிகள் வந்தன. அதே அளவு குப்பி, ஏறக்குறைய அதே நிற மூடி. ஆனால் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 யூனிட் இருந்த இடத்தில் 5000 யூனிட். முன்பென்றால் அது சத்தமில்லாமல் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கும், பழகிய கை பழைய அளவையே எடுத்திருக்கும். இம்முறை பெட்டி வருவதற்கு முன்பே அவர் அழைத்துச் சொன்னார். மூன்று ஷிப்டுக்கும் நான் சொல்லி, தனித் தட்டில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்தேன். செறிவான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களையும் பொது அலமாரியிலிருந்து அப்போதே திருப்பி அனுப்பிவிட்டோம். நீர்க்காத அந்த மருந்து தவறிப்போய் ரத்தக்குழாயில் வேகமாக ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காலாவதியாகச் சில மாதங்களே இருக்கும் அவசர மருந்துகளை இப்போது அவரே எடுத்துக்கொண்டு போய், அதிகம் செலவாகும் பிரிவுக்கு மாற்றிவிடுகிறார். வீணாகிக் குப்பைக்குப் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. குளிர்பெட்டி எங்கள் பொறுப்பு: 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் குறிக்கிறோம், இன்சுலின் குப்பியைத் திறந்தால் அதன்மேலேயே தேதி எழுதுகிறோம். உறைந்துபோன இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகவே தெரிந்தாலும் நம்பக் கூடாது என்பதைப் புதிதாக வரும் பெண்களுக்கு அவரே வந்து விளக்கினார்.

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே கீழே போய் உங்கள் மருந்தாளுநரை வார்டுக்கு அழைத்து வா. உன் இழுப்பறையையும் திறந்து காட்டு. உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று எனக்கு மறக்காமல் எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்
பழைய அறைத்தோழி