குனோங் தஹானுக்கு எந்தச் சட்டி?

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஈப்போவிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. பந்தாய் கெராச்சுட் போகும் காட்டுப் பாதை முழுக்கச் சேறு.

மெராப்போ வழியாகக் குனோங் தஹான் மலைக்கு நாலு நாள் நடை, டைட்டானியம் சட்டி வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். காப்பிக்கும் மேகிக்கும் வெந்நீர் வைப்பதோடு சரி என்றால் அதை மிஞ்ச வேறு சட்டி கிடையாது. ஆனால் நீயும் மருமகனும் சோறில்லாமல் இரண்டு வேளை தாண்ட மாட்டீர்கள். சோற்றுக்கு அது ஆகாது.

சூட்டைக் கடத்துவதில் டைட்டானியம் அலுமினியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தீ படும் வட்டத்திலேயே சூடு தேங்கிவிடும். நடுவில் சோறு கருகும், ஓரத்தில் அரிசி நறுக்கென்று நிற்கும். உண்மையில் டைட்டானியம் அலுமினியத்தைவிடக் கனமான உலோகம். உறுதி அதிகம் என்பதால் தகட்டை மெல்லிசாக்கி எடையைக் குறைக்கிறார்கள். அந்த மெல்லிசும் கருகலுக்கு ஒரு காரணம்.

ஹார்ட் அனோடைஸ்டு, அதாவது மேற்பரப்பைக் கெட்டியாக்கிய, அலுமினியத்தில் ஒன்றரை லிட்டர் சட்டியாக வாங்கு. வெறும் அலுமினியம் மலிவுதான், ஆனால் புளியும் தக்காளியும் அதை அரிக்கும், ரசத்தில் உலோக வாடை ஏறும். உயரத்தைவிட அகலம் கூடுதலாக இருக்கட்டும். அடி குறுகலாக இருந்தால் தீ பக்கவாட்டில் ஏறி கேஸ் வீணாகும். 230 கிராம் கேஸ் டப்பா உள்ளே உட்காருகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார். கிராம் குறைக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு இடுக்கி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. ஈரக் கையோடு ஒரு லிட்டர் கொதிநீரைத் தூக்கும் இடத்தில் அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பிடி இருக்கட்டும்.

இறக்கிய பிறகும் சூடு நிற்க, சட்டிக்கு ஒரு உறை செய்துகொள். கார் கண்ணாடியில் வைக்கும் வெள்ளி நிற வெயில் தடுப்பு, உள்ளே காற்றுக் குமிழி உள்ளது, ஒன்று போதும். அடிக்கு ஒரு வட்டம், மூடிக்கு ஒரு வட்டம், சுற்றுக்கு ஒரு பட்டை. பட்டையைச் சட்டியின் சுற்றளவைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டு. இறுக்கமாக இருந்தால் சூட்டுச் சட்டியை உள்ளே இறக்க முடியாது. கைப்பிடிக்கு ஒரு வெட்டு விடு. ஏர்கோன் குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப்பால் ஒட்டு, சாதாரண டேப் சூட்டில் கழன்றுவிடும்.

இரண்டு பேருக்கு 250 கிராம் பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவை. ஒரு குவளை அரிசிக்கு இரண்டு குவளை தண்ணீர். கொதித்ததும் சிறு தீயில் ஐந்து நிமிடம், பிறகு அடுப்பிலிருந்து இறக்கி உறைக்குள் வைத்துப் பதினைந்து நிமிடம். நடுவில் மூடியைத் திறக்காதே. அடுப்பின் மேலேயே உறையைப் போட்டால் அது உருகிவிடும். உச்சி 2187 மீட்டர், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மேல் முகாமில் உறைக்குள் இன்னும் பத்து நிமிடம் விடு, தண்ணீரும் கொஞ்சம் கூட்டு. புழுங்கலரிசி வேக நேரம் பிடிக்கும், கேஸைத் தின்றுவிடும். வீட்டிலேயே இருக்கட்டும்.

காற்றுத் தடுப்பு விஷயத்தில் மட்டும் விளையாடாதே. டப்பாவின் தலையில் திருகும் அடுப்பைச் சுற்றி அலுமினியத் தகட்டை முழு வட்டமாக நிறுத்தினால் சூடு கீழே திரும்பி டப்பா கொதிக்கும், உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கக்கூடும். காற்று வரும் பக்கம் மட்டும் மறை, மற்ற பக்கம் திறந்தே இருக்கட்டும். அவ்வப்போது டப்பாவைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட ஆரம்பித்தால் உடனே அணை.

கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் அதே அடுப்பில் ஒரு வேளை முழுச் சமையல் செய்து பார். முன்னும் பின்னும் டப்பாவைச் சமையலறைத் தராசில் வை. எவ்வளவு எடை குறைந்ததோ அதை வேளைக் கணக்கால் பெருக்கி, காற்றுக்கும் குளிருக்கும் கால் பங்கு சேர்த்தால் எத்தனை டப்பா என்று தெரிந்துவிடும். கணக்கை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முகுந்தன்