நாலு தகரம், ஒரு ஷட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டாஸ்மாக் பார் ஒன்று பக்கத்துத் தெருவுக்கு மாறியதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். "நாலு தகரமும் ஒரு ஷட்டரும் இருந்தால் இரண்டே நாளில் பார் தயார்" என்று அதில் ஒரு வரி. அந்த இரண்டு நாளில் தரை எந்த நாள் காய்ந்தது என்பதையும் நிருபர் கேட்டு எழுதியிருந்தால் நாங்களும் தொழில் கற்றுக்கொண்டிருப்போம்.

தரைப்பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு முன்பே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, பார்த்திருக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு அங்குலமாவது, கை கழுவும் பக்கமாக. வாட்டமே இல்லாத தரையில் பளபள டைல்ஸ் ஒட்டியதற்குப் 'புதுப்பொலிவு' என்று பட்டம் வேறு. தண்ணீரும் ஆம்லெட் எண்ணெயும் சிந்துகிற இடம் ஐயா அது. குடிக்காதவனே வழுக்கி விழுவான். அங்கே சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ்தான் போட வேண்டும்.

எல்லா வம்புக்கும் மூலம் சிறுநீர் கழிக்கும் இடம். மலிவு என்று டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைக்கிறார்கள். நாற்றம் போக தினமும் காலையில் ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆசிட் சிமெண்டைத் தின்றுவிடும். சில மாதத்தில் இடுக்கு குண்டூசி நுழையும் அளவுக்குத் திறந்து, ஈரம் டைல்ஸுக்குப் பின்னால் இறங்கி, அடுத்த வீட்டுச் சுவரில் உப்புப் பூக்கும். ஆசிட் தின்னாத பிசின் கலவையான எபாக்சி வைத்து அடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கழிவறைக்கு 110 மி.மீ. குழாய், நாற்பதடிக்கு ஓரடி வாட்டம். கை கழுவும் தொட்டிக்கு 75 மி.மீ., வழியில் எண்ணெயைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு தொட்டி, அதை வாராவாரம் வழிக்க ஓர் ஆள். இதை விட்டால் கோழி எலும்பும் கடலைத் தோலும் எண்ணெயோடு சேர்ந்து குழாய்க்குள் கட்டியாக நிற்கும். சாக்கடை தெருவில் ஓடும். பெண்கள் மறியலுக்கு உட்காருவார்கள். நீங்கள் படம் போடுவீர்கள்.

போகட்டும், அந்த நாலு தகரம். பழைய கூரையில் கழற்றிய ஷீட்டின் ஓட்டை புதுச் சட்டத்தோடு சேராது. புதிதாக ஓட்டை போட்டால் பழையது ஒழுகும். போல்ட் ஷீட் நெளிவின் மேட்டில் இறங்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. ஷீட் மேல் ஷீட் ஆறு அங்குலம் ஏற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் மட்டும் புகை போய்விடாது, எதிர்ச்சுவரில் காற்று நுழைய வழி வேண்டும்.

2017 நினைவிருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, பல கடைகள் ஊருக்குள் இடம் தேடின. அப்போதும் நீங்கள் மீட்டரைத்தான் எண்ணினீர்கள். இப்போதும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நகரத்தில் 50, மற்ற ஊர்களில் 100 என்று டேப் பிடிக்கிறீர்கள். சாக்கடை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. 'டாஸ்மாக் பார்' என்று ஒரே மூச்சில் எழுதுவதும் பழைய வழக்கம்தான். கடை அரசு நிறுவனத்துடையது; பார், ஏலம் எடுத்தவருடையது. அவருக்கு உள்ள உரிமை சைடிஷ் விற்பதும் காலி பாட்டில் எடுப்பதும். ஏலக் காலம் முடிந்தால் கிளம்பிவிடுகிறவர் எபாக்சிக்கா செலவு செய்வார்? காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. குவார்ட்டர் பெட்டி ஒன்றுக்கு 48 பாட்டில். அவற்றை அடுக்கத் தனி இடம் விடாவிட்டால் மூட்டைகள் கடைசியில் கழிவறைக் கதவை மறித்துக்கொண்டு நிற்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்றாவது படத்தின் கீழ் 'புதிய கழிவுநீர்க் குழாய்' என்று போட்டிருக்கிறீர்கள். தரைக்கு ஓரடி மேலேயே வாய் திறந்து நிற்கும் அது, கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்த வேலை செய்பவன்,
திருப்பூர்.