பூட்டிய அறைக்குள் சொட்டும் தண்ணீர்: வெளியூர்ப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு,

சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் வீட்டு விஷயம் மட்டும் என்றால் தனியாகவே எழுதியிருப்பேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எங்கே போனாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இதே சேதத்தைப் பார்க்கிறேன். செட்டிநாட்டில் பங்கு வீடு வைத்திருக்கும் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளத்தூர் வீட்டில் தை மாதம் சாந்தி (அறுபதாம் கல்யாணம்) நடந்தது. நாலு நாள் வீடு நிறைய ஆட்கள். முடிந்ததும் அவரவர் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். மாடித் தொட்டியில் 1000 லிட்டர் தண்ணீர் ததும்ப நின்றது. அதன் வால்வை யாரும் மூடவில்லை, நானும் மூடவில்லை.

வைகாசியில், முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும் வளவைக் கூட்ட ஆள் கூட்டிப் போனபோது, ஓர் அறைக் கதவுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல் ஈரமாக இருந்தது. அந்த அறையின் சாவி சென்னையில். கூரியரில் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. திறந்து பார்த்தால், வாஷ்பேசினுக்குக் கீழே போகும் பிளாஸ்டிக் கனெக்‌ஷன் பைப்பின் நட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். கீழே ஒரு லிட்டர் சொம்பை வைத்தேன், நிறைய ஐந்து மணி நேரம் ஆனது. பார்த்தால் ஒன்றுமே இல்லாத சொட்டு. ஆனால் நாளுக்கு ஏறக்குறைய 5 லிட்டர், நான்கு மாதத்துக்கு 600 லிட்டர். அத்தனையும் பூட்டிய அறைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது.

தேக்குக் கதவு நிலையின் கால் கறுத்து, நகத்தை வைத்தால் உள்ளே போனது. ஈரத்தைத் தேடிக் கரையான் வந்து அலமாரி வரை மண் ஏற்றியிருந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கண்ணாடி போல வழவழவென்று இருந்த முட்டைப் பூச்சு முழங்கால் உயரத்துக்குக் கொப்பளித்து, உப்புப் பூத்துப் பொரிப் பொரியாக உதிர்ந்தது. அப்பத்தா கையால் தடவிப் பார்க்கச் சொல்லும் சுவர் அது.

நிலையை மாற்ற மரம் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். நம் ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு இனி எங்கே வரப்போகிறது? இடித்த வீடுகளில் இருந்து பெயர்த்தெடுத்த நிலைகள்தான் அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இன்னொரு குடும்பத்தின் வீடு இடிந்தால்தான் நம் வீட்டுக்கு மரம் என்று நினைத்தபோது எதையும் வாங்க மனம் வரவில்லை. சும்மா திரும்பி வந்துவிட்டேன்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீரை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். கிணறும் அடுப்படியும் பின்கட்டில். முற்றத்தில் விழும் மழை கல் வாய்க்கால் வழியாக வெளியேறிவிடும். வளவு அறைகளின் சுவருக்குள் தண்ணீர் போனதே கிடையாது. நாம்தான் பிற்காலத்தில் சுவரைக் கொத்திக் குழாய் பதித்து, அறைக்குள்ளேயே குளியலறை வைத்தோம். வயதானவர்களுக்கு அது தேவைதான், அதில் தப்பில்லை. ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை மேலே இழுக்கும். வெளிக்காற்று பட்டால் அந்த ஈரம் மெல்ல உலர்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசிவிட்டால் வெளியேற வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நின்று, வேறோர் இடத்தில் உப்பாக வெடிக்கும். அதனால் உதிர்ந்த இடத்தைச் சிமென்டால் ஒட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் கசிவை நிறுத்தி, சுவரை மாதக்கணக்கில் உலரவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

இனி விசேஷம் முடிந்து கிளம்பும்போது மோட்டார் சுவிட்சை அணைத்து, தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வை மூடிவிட்டு, ஆகக் கீழே இருக்கும் குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பத்து நிமிட வேலை. வருஷக்கணக்கில் திருகாத வால்வு இறுகிப்போகும். ஆகவே வருகிற போதெல்லாம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். எங்காவது கசிகிறதா என்று சந்தேகமாக இருந்தால், இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, காலையில் பாருங்கள். ஃபிளஷ் தொட்டிக்கு வேறு சோதனை இருக்கிறது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் கொஞ்சம் விட்டு, ஃபிளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கீழே பேசினில் நீலம் தெரிந்தால் வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

சுவருக்குள் பதித்த பழைய இரும்புக் குழாய்கள் உள்பக்கம் துருவேறிக் கிடக்கின்றன. மாற்றும்போது புதிய பைப்பைச் சுவருக்கு வெளியே கண்ணில் படுகிற மாதிரி ஓட்டலாம் என்பது என் கருத்து. பார்க்க நன்றாக இருக்காது என்று ஆச்சிமார் சொல்வார்கள். ஆனால் கசிந்தால் அன்றைக்கே தெரியும், சுண்ணாம்புச் சுவரை மறுபடி கொத்தவும் வேண்டாம்.

உண்மையில் நான் கேட்க வந்தது சாவியைத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு. அது உங்கள் உரிமை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அறைகளைப் பிரிக்கும் சுவர் பொதுச்சுவர். உங்கள் அறையில் சொட்டும் தண்ணீர் பக்கத்துப் புள்ளியின் அறையையும் சேர்த்துத்தான் கெடுக்கும். மாற்றுச் சாவி ஒன்று ஊரில் இருந்திருந்தால், ஈரம் தெரிந்த அன்றைக்கே சொட்டை நிறுத்தியிருப்பேன். மாதம் ஒருமுறை அறையைத் திறந்து காற்றாட விட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயே இருக்காது.

அதோடு, பைப், வாஷர், உடைந்த ஓடு போன்ற சின்ன வேலைகளுக்கு எல்லாப் பங்காளிகளின் சம்மதத்துக்கும் காத்திருக்காத ஓர் ஏற்பாடு வேண்டும். 5000 ரூபாய் வரை ஊரில் இருப்பவர் செலவழித்துவிட்டுப் பிறகு கணக்குக் காட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் நாலு ஓடு மாற்ற ஒருவருடைய பதிலுக்காகக் காத்திருந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது.

ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும், அப்புறம் எந்தச் சுவரும் உலராது. புரட்டாசிக்குள் மாற்றுச் சாவியை ஒரு கவரில் போட்டு, எந்தப் புள்ளி, எந்த அறை என்று மேலே எழுதி அனுப்புங்கள். வந்த அன்றே திறந்து குழாய்களைப் பார்த்து, போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டுப் பூட்டுகிறேன். தெற்குப் பக்கம் இரண்டாவது அறையின் சாவி முதலில் வரட்டும். அதன் வெளிச்சுவரில் உப்புப் பூக்கத் தொடங்கியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பங்காளி,
காரைக்குடி