பணம் அனுப்ப வேண்டாம், குமார்

பாளையங்கோட்டை

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் ‘சரிம்மா, வைக்கிறேன்’ என்கிறாய். எழுதினால் நடுவில் வைக்க முடியாதே, அதற்காகத்தான் எழுதுகிறேன். அப்பா லைப்ரரிக்குப் போயிருக்கிறார்.

முதலில் பணம். நீ அனுப்பிய 20,000 ரூபாய் வந்து சேர்ந்தது. உன் கணக்குக்கே திருப்பிப் போடச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு நாய் குதறின நம் ஜிம்மிக்கு வைத்தியம் பண்ண அவ்வளவெல்லாம் ஆகவில்லை. அன்று ராத்திரி ஓடிய தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே, மயக்க ஊசி, காயம் சுத்தம் பண்ணினது எல்லாம் சேர்த்து 7,400. அதில் பாதியை எதிர்வீட்டு அண்ணாச்சி கொடுத்துவிட்டார். அப்புறம் கட்டு மாற்றுவதெல்லாம் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான். அங்கே கொடுக்கிற காசைவிட ஆட்டோவுக்குக் கொடுக்கிறதுதான் ஜாஸ்தி. ஆகவே பணம் வேண்டாம். உன் கையில் இருக்கட்டும். கூட இருந்த பையன் காலி பண்ணிப் போய்விட்டான் என்றாயே, வாடகை முழுசும் இப்போது நீதானே கட்டவேண்டும்?

ஜிம்மி சாப்பிடுகிறான். நீ அதைத்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும். கேட்பாய் என்று நினைத்தேன், போன வாரம் இரண்டு தடவை பேசியும் நீ கேட்கவில்லை. அவன் பேரை எடுத்தாலே பேச்சை மாற்றுகிறாய்.

அன்று நான் அனுப்பிய போட்டோவில் பிடரிப் பக்கம் இரண்டு ஓட்டைதான் தெரிந்திருக்கும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினால் ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன். டாக்டர் முடியை மழித்துவிட்டு ஒரு கம்பியை உள்ளே விட்டுக் காட்டினார், குமார். அந்த ஓட்டைக்குள் என் விரல் நீளத்துக்குப் போயிற்று. பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உதறும்போது தோல் மேலே அப்படியே இருக்குமாம், அடியில் சதையை விட்டுப் பிரிந்து ஒரு பை மாதிரி ஆகிவிடுமாம். பல்லில் இருந்த அழுக்கெல்லாம் அதற்குள். மேலே தைத்து மூடினால் சீழ் உள்ளேயே நிற்கும் என்று, தைக்காமல் ஒரு ரப்பர் குழாயைச் செருகி விட்டார். நுரையீரலில் அடி இருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்தார்கள், இல்லை. மூன்றாம் நாள் ஒரு இடத்தில் தோல் கறுத்துப் போய்விட்டது, அந்த அளவுக்கு வெட்டி எடுத்தார்கள். இதெல்லாம் சொன்னால் நீ பயப்படுவாய் என்று அப்பா சொல்ல விடவில்லை. இப்போது குழாய் எடுத்தாயிற்று, அடியிலிருந்து சிவப்பாகச் சதை வளர்ந்து வருகிறது. அது நல்ல அறிகுறியாம்.

மாத்திரைதான் பெரிய பாடு. தயிர்சாதத்தில் பொதிந்து கொடுத்தால் சாதத்தை நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் தட்டோரம் துப்பி வைக்கிறான். ஆட்டு ஈரலுக்குள் வைத்தால்தான் இறங்குகிறது. நம் வீட்டில் ஈரல் வேகிறது, ஆச்சி இருந்திருந்தால் என்னை வீட்டை விட்டே அனுப்பியிருப்பாள். பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி. அப்பாவுக்கு அந்த வாசனையே வராத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

வலிக்கு மனுஷர் போடுகிற மாத்திரையில் பாதி கொடுங்கள் என்று தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். நல்லவேளை டாக்டரிடம் கேட்டேன், கோபித்துக்கொண்டார். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கி கிட்னியையும் கெடுத்துவிடுமாம். எடை பார்த்து அவரே ஒரு சிரப் கொடுத்தார். உடனே உன் அப்பா, அந்த டைக்ளோஃபெனாக்கால்தான் நாட்டில் பிணந்தின்னிக் கழுகெல்லாம் செத்துப் போயிற்று, 2006லேயே மாட்டுக்குப் போடத் தடை வந்தது என்று டாக்டருக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். வெளியே இன்னும் எட்டு நாய் காத்துக்கொண்டிருந்தது.

ஈ உட்காராமல் பார்ப்பதுதான் என் வேலை. புழு வைத்துவிட்டால் அவ்வளவுதான் என்றார்கள். நீ சின்னப்பிள்ளையில் படுத்த கொசுவலைத் தொட்டில் பரணில் இருந்தது, இப்போது அதற்குள்தான் படுத்திருக்கிறான். கழுத்தில் கூம்பு மாதிரி பிளாஸ்டிக் மாட்டியிருக்கிறது, போகிற இடமெல்லாம் கதவில் இடித்துக்கொள்கிறான். கழற்றினால் அடுத்த நிமிஷம் கட்டிலுக்கு அடியில் போய் யாருக்கும் தெரியாமல் காயத்தை நக்குகிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஆப்பில் வாங்கித் தின்றது போதும், ஒரு குக்கர் சாதம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? செலவும் மிச்சம்.

போலீஸில் நாங்கள் புகார் கொடுக்காத விஷயம். நீ அன்று போட்ட சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. ‘ஏன்மா எல்லாத்துக்கும் பணிஞ்சு போறீங்க, யார் வேணா வந்து மிதிச்சுட்டுப் போலாமா’ என்று. எதிர்வீட்டு நாய்க்காகப் போட்ட சத்தம் மாதிரி அது எனக்குத் தெரியவில்லை. நீ அப்படிக் கத்துகிற பிள்ளையே இல்லை. பத்தாம் வகுப்பில் உன் சைக்கிளைத் திருடினவனையே ‘பாவம்மா’ என்று சொன்னவன் நீ. ஊரெல்லாம் உன்னைப் பற்றி அப்படித்தான் நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி முதலில் ‘நாய்னா சண்டை போடத்தான் செய்யும்’ என்று ஆரம்பித்தார், உண்மைதான். எனக்கும் வயிறு எரிந்தது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, அப்புறம் 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்களே, அதிலிருந்து நம் தெருவில் தெருநாய்ப் பேச்சுதான். பேப்பர் கடை வாசலில் படுத்திருக்கிற கறுப்பனை எல்லாரும் முறைத்துக்கொண்டு போனார்கள். அது பாட்டுக்கு இன்னும் படுத்திருக்கிறது. கடித்தது அண்ணாச்சியின் மூன்று மாடி வீட்டு ராட்வீலர். இரும்பு கேட், கேமரா எல்லாம் உண்டு, கேட்டுக்குக் கொண்டிதான் இல்லை. சரி, இப்போது கொண்டி போட்டாயிற்று. வெளியே கொண்டுவந்தால் வாயில் மூடி, கையில் குட்டைச் சங்கிலி. தடுப்பூசிப் புத்தகத்தை அவராகவே கொண்டுவந்து காட்டினார், தேதி சரியாக இருந்தது. பத்து நாள் அதைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஜிம்மிக்கும் வருஷா வருஷம் போட்டதுதான், இருந்தாலும் வெறிநாய்க்கடி ஊசி மறுபடி போட்டார்கள்.

அப்பாவும் சட்டம் பார்த்தார். தாலுகா ஆபீஸை விட்டாலும் அந்தப் புத்தி போகாது. நாயைச் சரியாகக் கட்டி வைக்காமல் விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு, ஆறு மாசம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. ஆனால் அது மனுஷருக்கு உயிர் ஆபத்தோ பலத்த காயமோ வரக்கூடும் என்றால்தானாம். நாயை நாய் கடித்ததற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

இங்கேதான் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். கோபப்படாதே. அப்பாவையும் கடித்துவிட்டது.

ஜிம்மியை விடுவிக்க நான் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதற்குள் அவர் கையை உள்ளே விட்டுவிட்டார். அப்படி விடவே கூடாதாம், எல்லாம் முடிந்த பிறகு எல்லாரும் சொல்கிறார்கள். வலது முழங்கைக்குக் கீழே. குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள், அப்புறம் இரண்டு தோளிலும். அன்றைக்கு, 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று போட்டாயிற்று, 28ஆம் நாள் ஒன்று பாக்கி. எல்லாம் இலவசம், ஆகவே அதற்கும் பணம் வேண்டாம். வீடியோ காலில் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாரே, நீ கவனித்தாயா? கவனித்தும் கேட்காமல் விட்டாயோ என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ‘அவன்கிட்ட சொல்லாதே, நேரா ஸ்டேஷன்ல போய் நிப்பான், அவனுக்கு ஆயிரம் வேலை’ என்றார்.

உனக்கு ஆயிரம் வேலை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போன் பண்ணினாய். புதன்கிழமையும் பதினொரு மணிக்கு. ஆபீஸ் நாளில் அந்த நேரத்துக்கு நான் கூப்பிட்டால் ‘மீட்டிங்மா’ என்று கட் பண்ணுகிறவன் நீ. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், புதுசு தருவார்கள் என்றாய். உன்கூட ஜான்ஸ் காலேஜில் படித்த பையனின் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன், பெங்களூரில் நிறையக் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாமே என்றாள். என் மகனுக்கு அதெல்லாம் இல்லை, அவன் போன வருஷம்தான் பிரமோஷன் வாங்கினான் என்று சொல்லிவிட்டு வந்தேன். கத்தரிக்காயை மறந்து காய்க்கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

2003 ஜூலையில் உனக்கு எட்டு வயசு. அரசு ஊழியர் ஸ்டிரைக்கில் ஒரே வீச்சில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை வேலையை விட்டு எடுத்தார்களே, அதில் உன் அப்பாவும் ஒருவர். உனக்குச் சொல்லவில்லை, ஆச்சிக்கும் சொல்லவில்லை. தினமும் காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பேன், அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி வ.உ.சி. மைதானத்து வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்திருப்பார். சாயந்திரம் ஐந்தரைக்குத்தான் வருவார். ‘இன்னிக்கு ஆபீஸ்ல என்னப்பா’ என்று நீ கேட்பாய், அவர் ஏதாவது கதை கட்டிச் சொல்லுவார். நன்றாகத்தான் சொல்லுவார். சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு மன்னிப்பு எழுதிக் கொடுத்து வேலையில் சேர்ந்தார். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த ராத்திரி அவர் சாப்பிடவில்லை. என் வளையல் விஷயம் உனக்குத் தெரியும், அது எந்த மாசம் என்று மட்டும்தான் உனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, நாங்கள் இரண்டு பேரும்கூட அதைப் பற்றி உட்கார்ந்து பேசினதில்லை. இந்த வீட்டில் எதையும் சொல்லாமல் இருப்பதை உனக்குப் பழக்கினதே நாங்கள்தான். உன்னை என்ன சொல்ல?

ஜிம்மி இப்போது கேட் தாண்ட மாட்டேன் என்கிறான். சங்கிலிச் சத்தம் கேட்டாலே மூத்திரம் போய்விடுகிறான். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், சாப்பாட்டுத் தட்டை நாளுக்குக் கொஞ்சமாகக் கேட் பக்கம் நகர்த்துங்கள், அவனாகப் பின்வாங்கினால் விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். இப்போது தட்டு துளசி மாடம் வரைக்கும் வந்திருக்கிறது.

வியாழக்கிழமை அப்பாவுக்குக் கடைசி ஊசி. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் ஏறி வா. லீவு உண்டா என்று கேட்க மாட்டேன், எத்தனை நாள் என்றும் கேட்க மாட்டேன். மாடி ரூமைக் கூட்டி வைத்திருக்கிறேன். கை விஷயம் நான் சொன்னதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, நீயாகப் பார்த்த மாதிரி கேள்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மாதிரி மறுபடி அவனுக்குப் பெல்ட் எதுவும் வாங்கி வராதே. இனிமேல் கழுத்தில் எதுவும் இறுக்கக் கூடாதாம், மார்போடு சுற்றி மாட்டுகிற பட்டைதான் வேண்டுமாம். அப்பா நூல் பிடித்து அளவெடுத்து இங்கேயே சொல்லிவிட்டார், 450 ரூபாய். கொடுத்தாயிற்று.