முத்திரை தண்டச் செலவா? மார்க்கெட் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு தராசுக்காரனின் திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டீ கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான்தான். எலக்ட்ரானிக் தராசை வருஷா வருஷம் அரசு ஆய்வாளரிடம் சரிபார்த்து முத்திரை வைப்பது தண்டச் செலவு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றச் சொல்லி மனு கொடுப்போம் என்று தீர்மானம் வாசித்தீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. உறுப்பினர் இல்லை என்பதால் வாய் திறக்கவும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தராசு ரிப்பேர் என் பிழைப்பு. லைசென்ஸ் வைத்து 31 வருஷமாகச் செய்கிறேன். முத்திரை வைக்கும் முன் தராசைச் சரிபார்த்துக் கொடுப்பதில் எனக்கும் நாலு காசு வருகிறது. "இவன் சொல்லாமல் யார் சொல்வார்" என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். அப்படி நினைத்துக்கொண்டே படியுங்கள்.

நம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார். பெயர் வேண்டாம். பெரம்பலூர் பக்கமிருந்து ஒரு விவசாயி பத்து வருஷத்துக்கு மேல் அவருக்குத்தான் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், அங்கே 50 கிலோ போட்டு அனுப்பிய மூட்டை இங்கே 49.700 காட்டத் தொடங்கியது. ஒன்றிரண்டு மூட்டை இல்லை, எல்லா மூட்டையும். ஒரு லோடுக்கு 40 மூட்டை என்றால் 12 கிலோ. அண்ணன் பணத்தைப் பிடித்துக்கொண்டார். விவசாயி, "என் தராசு சரிதான்" என்றார். இவர், "என் தராசும் சரிதான்" என்றார். எட்டு மாதம் இப்படிப் போய், கடைசியில் அந்த மனுஷர் வேறு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

முத்திரைக்கு நாள் வந்தபோது தராசு என்னிடம் வந்தது. ஐந்து கிலோ கல் வைத்தேன், 5.000. பத்து வைத்தேன், 10.000. இதோடு விட்டிருந்தால் நானும் "சரிதான்" என்றிருப்பேன். இருபது கிலோ கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியபோதுதான் பல்லை இளித்தது. மேல் தட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்கு வெங்காயச் சருகு. அதற்குள், பாரத்தை உணரும் லோட்செல் என்ற உறுப்புக்குப் பக்கத்தில், பட்டாணி அளவில் ஒரு கல். பாரம் ஏற ஏறத் தட்டு மயிரிழை கீழே இறங்கும் அல்லவா? முப்பது கிலோவுக்கு மேல் போனதும் தட்டு அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துவிடும். மிச்சப் பாரத்தில் கொஞ்சத்தைக் கல் தாங்கிக்கொள்ளும், அந்த அளவுக்குத் திரையில் எடை குறையும். சில்லறையாகப் பத்துக் கிலோ போட்டு விற்கும்போது எடை சரியாகவே இருந்தது. வெங்காயம் காய்ந்தால் எடை குறையும் என்பதால் கணக்கு உதைப்பதும் யாருக்கும் தெரியவில்லை.

பார்த்தால் அண்ணனுக்குக் கைநட்டம் இல்லை. நட்டம் முழுவதும் அந்த விவசாயிக்கு. ஆனால் கல்லை உள்ளங்கையில் வைத்து நான் காட்டியபோது அண்ணன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அன்று மாலையே போன் போட்டார். எதிர்முனையில் எடுக்கவில்லை.

அவர் பித்தலாட்டக்காரர் இல்லை. தராசைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு தினமும் சாமி கும்பிட்டுத் தொடங்குகிறவர். முத்திரையைத் திருடனைப் பிடிக்க வைத்த பொறி என்று மட்டுமே நினைப்பதால்தான் நல்லவர்களுக்கு அது அவமானமாகப் படுகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று இருந்திருந்தால் அந்தக் கல் இன்னும் நாலு வருஷம் அங்கேயே இருந்திருக்கும்.

கூட்டத்தில் ஒருவர், "எடைக்கல்லுக்கு இரண்டு வருஷம், எலக்ட்ரானிக்குக்கு மட்டும் ஒரு வருஷமா? புது மெஷின்தானே இன்னும் நம்பகம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலை யாரும் சொல்லவில்லை. விதியில் எடைக்கல், பழைய கைத்தராசு, கவுண்டர் தராசு இவற்றுக்கு 24 மாதம். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதம். இரும்புக் கல் தேயும், துருப்பிடிக்கும், அவ்வளவுதான். எலக்ட்ரானிக்கில் பட்டன் அமுக்கி அளவையே மாற்றலாம். எலி ஒயரைக் கடிக்கலாம். மழைத் தண்ணீர் இறங்கலாம். அந்த ஈய முத்திரையைக் கம்பியோடு கோத்து வைப்பதே, உள்ளே போய் யாரும் அளவைத் திருகாமல் இருக்கத்தான்.

மலை ஏறினால்கூட மாறும். என் சிநேகிதர் ஒருவர் மேட்டுப்பாளையத்தில் முத்திரை வாங்கிய தராசை ஊட்டிக்குக் கொண்டுபோய்க் கடை போட்டார். 20 கிலோ கல்லை வைத்தால் 19.990 என்று காட்டுகிறது, புது மெஷின் போச்சு என்று புலம்பினார். மெஷின் போகவில்லை. லோட்செல் பார்ப்பது பூமி இழுக்கும் விசையை. உயரம் போகப் போக அந்த இழுப்பு கொஞ்சம் குறையும். டெல்லியில் சரிசெய்த தராசைச் சென்னையில் அப்படியே வைத்தால் கிலோவுக்கு முக்கால் கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும், ஏனென்றால் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்த வம்பு கிடையாது, இரு பக்கமும் இழுப்பு ஒன்றுதான். அதனால்தான் எலக்ட்ரானிக் தராசைப் பயன்படுத்தும் இடத்திலேயே வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

"ஆய்வாளர் கல் மட்டும் சரி என்று என்ன நிச்சயம்?" இது பின்வரிசையில் யாரோ சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதற்கான கேள்வி இல்லை அது. இந்தத் தொழிலே அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

என் பெட்டியில் இருக்கும் கல்லை ஆய்வாளர் தன் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவர் கல்லை அதைவிட நுட்பமான கல் உள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் ஒப்பிடுகிறார்கள். அந்தக் கூடத்துக் கல் பெங்களூருவில் இருக்கும் மத்திய அரசின் மண்டல ஆய்வகத்துக்குப் போகும். பெங்களூருக் கல்லுக்கு மேல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே பிளாட்டினம், இரிடியம் கலந்த ஒரு சிறிய உருளை, 57ஆம் எண், அதுதான் இந்தியாவின் கிலோ. அதற்கும் தாய் பாரீசுக்குப் பக்கத்தில் செவ்ரில் இருந்தது. அந்தத் தாய்க் கல்லுக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே நூறு வருஷத்தில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாக வகுத்ததில் ஒரு பங்கு. அதைக்கூடப் பொறுக்க முடியாமல், 2019 மே 20 முதல் எந்த உலோகக் கட்டியையும் நம்பாமல், பிளாங்க் மாறிலி என்கிற இயற்கையின் மாறாத எண்ணை வைத்துக் கிலோவை வரையறுத்துவிட்டார்கள். உங்கள் கடையில் தக்காளி போடும் தராசின் நூல் பிடித்துப் போனால் அங்கேதான் போய் நிற்கும்.

அந்த டெல்லி ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். சி. வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் ஆய்வு செய்தவர். இதைச் சொன்னால் என் பையன்கூட நம்ப மாட்டேன் என்கிறான்.

இந்த நூல் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று என் தாத்தா சொல்வார். பலம், வீசை, மணங்கு என்று கணக்கு. படியோ ஊருக்கு ஒன்று. பட்டணம் படி வேறு, பக்கத்து ஊர்ப் படி வேறு. எந்தப் படி என்று பேசி முடிப்பதற்குள் பேரம் பாதி முடிந்துவிடும். 1956இல் சட்டம் வந்து, 1958இலிருந்து படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தன. அதற்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் முன்பே தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறை எடுத்தது என்று எழுதி வைத்திருக்கிறது. எவ்வளவு பொன் என்பதோடு எந்தக் கல்லால் நிறுத்தது என்றும் வெட்டி வைத்தார்கள். கல்லுக்குச் சாமி பெயரையே வைத்தது சும்மாவா? அந்தக் கல் மேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

என் மச்சான் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் கடையும் ஷாஃப்ட், எங்கோ இன்னொரு கம்பெனியில் செய்த பேரிங்கில் போய்ப் பொருந்தியாக வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மில்லிமீட்டர் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதால்தான் பொருந்துகிறது. உங்கள் வியாபாரமும் அப்படித்தானே? கேரளாவிலிருந்து வரும் லாரிக்காரர் போனிலேயே விலை பேசிச் சரக்கு எடுக்கிறார் என்றால் உங்கள் கிலோவும் அவர் கிலோவும் ஒன்று என்ற தைரியத்தில்தான்.

முத்திரை உங்களைக் கசக்கிப் பிழிகிறது என்ற பேச்சையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது கிலோ வரை நிறுக்கும், ஐந்து ஐந்து கிராமாக எடை காட்டும் தராசில் ஒரு கிலோவுக்குப் புழக்கத்தில் ஐந்து கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. ஒரு பச்சை மிளகாய் எடை. பெட்ரோல் பங்க்கில் இதே மாதிரி ஐந்து லிட்டருக்கு 25 மில்லி. சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லி நீங்கள் அங்கே சண்டை பிடிக்கிறீர்களே, அந்த உரிமையைத்தான் உங்கள் வாடிக்கையாளரும் உங்களிடம் கேட்கிறார்.

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு போய் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்த கதை எனக்கும் உண்டு. கடைசியில் "நாளைக்கு வா" என்றார்கள். அன்று வியாபாரமும் போனது, ஆட்டோ வாடகையும் போனது. மனு எழுதுவதானால் அதை எழுதுங்கள். முத்திரை முகாமை நம் மார்க்கெட்டுக்குள்ளேயே போடுங்கள், காலாண்டுக்கு ஒரு தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேளுங்கள். முத்திரையிலேயே ஏ, பி, சி, டி என்று காலாண்டு எழுத்து இருக்கிறது. யாருக்கு எப்போது முடிகிறது என்பதைச் சங்கமே ஒரு நோட்டில் எழுதி வைத்தால் கடைசி நாள் ஓட்டம் இருக்காது.

சங்கப் பணத்தில் இருபது கிலோ இரும்புக் கல் நான்கு வாங்கி, முத்திரை போட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொதுத் தராசோடு வையுங்கள். யார் வாங்கிய சரக்கை வேண்டுமானாலும் அங்கே போட்டுப் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை அந்தக் கற்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடை கடையாகப் போனால் ஒரு தராசுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நடுவில் ஒருமுறை, நாலு மூலையிலும் ஒவ்வொரு முறை, பிறகு முழுப் பாரம். அடியில் சருகு கிடந்தால் தட்டைக் கழற்றித் துடையுங்கள்.

வாங்கும் வரைக்கும் என் கற்கள் இருக்கின்றன. வருகிற வியாழக்கிழமை மதியம், ஏலம் முடிந்து மார்க்கெட் காலியாகும் நேரத்தில், நாலாவது கேட்டில் பெட்டியோடு நிற்பேன். காசு வேண்டாம். வெங்காயக்கார அண்ணன் தன் தராசைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
டீ கேனுக்குப் பக்கத்தில் நின்ற தராசுக்காரன்