வலது ஓரத்தை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெய்ன்' (காய்ந்த புல் ஏற்றும் வண்டி) ஓவியத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேகத்தையும் தண்ணீரின் மினுமினுப்பையும் பற்றி எழுதியவர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் இது 'உழைப்பின் சுவடே இல்லாத அமைதி' என்று அவர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பக்கத்தில் அடங்க வேண்டும் என்று படத்தின் வலது பக்கத்தை வெட்டிவிட்டீர்கள். அந்தப் பக்கம்தான் தூரத்துப் புல்வெளியில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இன்னொரு வண்டியில் பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லண்டன் நேஷனல் கேலரியில் இதை நேரில் பார்த்தேன். உள்ளே போகக் கட்டணம் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். நாலேகால் அடி உயரம், ஆறடி அகலம். அவ்வளவு பெரிய படத்திலேயே அந்த ஆட்கள் எறும்பளவுதான். தேடினால்தான் கிடைப்பார்கள்.

நடுவில் ஆற்றுக்குள் நிற்கும் வண்டியைப் பாருங்கள். காலி வண்டி. பாரம் ஏற்றப் போகிற வண்டி ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது? 'அழகான அமைப்பு' என்று கட்டுரை நகர்ந்துவிடுகிறது. ஆத்தூர்ப் பக்கம் வண்டி வைத்திருந்த பழைய ஆட்கள் யாரையாவது கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். வெயில் காலத்தில் மரச்சக்கரம் காய்ந்து சுருங்கும், மேலே அடித்த இரும்புப் பட்டை தளரும். அப்படியே பாரம் ஏற்றினால் வழியில் பட்டை கழன்றுவிடும். அதனால் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறவிடுவார்கள், மரம் உப்பிப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். கான்ஸ்டபிள் இந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'நிலக்காட்சி: நண்பகல்'. உச்சி வெயில் நேரம், குதிரைகளுக்கும் கால் நனையும். நான் அந்த வண்டியை அப்படித்தான் படிக்கிறேன். அமைதியாகத் தெரிவது, வேலைக்கு நடுவே கிடைத்த ஐந்து நிமிடம்.

அப்புறம், ஓவியர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதையும் கட்டுரை கேட்கவில்லை. அது கிழக்கு இங்கிலாந்தில், ஸ்டவர் ஆற்றங்கரையில், ஃபிளாட்ஃபோர்டு மாவு ஆலையின் குளம். ஆலை கான்ஸ்டபிள் குடும்பத்துடையது. முதலாளி வீட்டுப் பிள்ளை தன் கரையிலிருந்து பார்த்த நிலம் இது. அதையும் லண்டனில் உட்கார்ந்து, பழைய வரைவுகளை வைத்து வரைந்து, 1821-இல் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே அந்தப் பக்கத்து விவசாயக் கூலிகள் வேலை இல்லாமல், கூலி கட்டாமல், கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். இதனால் படம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. மேகத்தை அவரைப் போல வரைந்தவர்கள் குறைவு. 1824-இல் பாரிஸ் அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது சும்மா இல்லை. ஆனால் ஆட்கள் ஏன் அவ்வளவு தூரத்தில், அவ்வளவு சின்னதாக இருக்கிறார்கள் என்று கேட்காமல் விட்டால் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

எங்கள் ஏற்காட்டுக்கும் இதே கதைதான். ஓட்டல் சுவர்களில் மாட்டியிருக்கும் படங்களில் ஏரி, படகு, பனி மூட்டம் இருக்கும். காபிப் பழம் பறிக்கும் பெண் இருக்க மாட்டார். 'இயற்கை' என்று நாம் போட்டோ எடுக்கும் சரிவுகளில் பாதி எஸ்டேட். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், அப்போதைய சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். கான்ஸ்டபிளின் வண்டி ஆற்றில் இறங்கிய அதே பத்தாண்டு. காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், அதில் ஏறும் மிளகுக் கொடி யாரோ கட்டிவிட்டது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பார்ப்பவருக்கு இதெல்லாம் வெறும் பச்சைதான்.

கட்டுரையாளர் தொடரட்டும், நான் தொடர்ந்து படிப்பேன். அடுத்த முறை நம் பக்கத்து மலையை வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இந்தப் படத்தை மட்டும் ஒருமுறை முழுதாகப் போட்டுவிடுங்கள். நடுப்பக்கம் வேண்டாம், பின் அடிக்கிற இடத்தில் வண்டி மாட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.